பலகை அடித்த பட்டாசலுக்கு எந்த நிற சோபா?

கேள்வி: எங்கள் வீடு கல்லிடைக்குறிச்சியில், சுவரோடு சுவர் ஒட்டிய தெரு வீடு. பட்டாசல் (முன்கூடம்) 16-க்கு 12 அடி. மாமனார் காலத்தில், இடித்த வீட்டுத் தேக்குப் பலகைகளை வாங்கி மூன்று சுவரிலும் 7 அடி உயரத்துக்கு அடித்திருக்கிறார். தரை சிவப்பு சிமெண்டு. வெளிச்சம் தெருவாசல் வழியாகவும் முற்றத்தில் இருந்தும்தான் வரும். மெரூன் ரெக்சின் சோபா செதில் செதிலாக உரிந்துவிட்டதால் புதிதாகச் செய்யக் கொடுக்கப் போகிறோம்: மூன்று பேர் உட்காருவது ஒன்று, ஒற்றை இரண்டு. கடைக்காரர் சந்தன நிறம் என்கிறார். பெங்களூரில் இருக்கும் மகன் சாம்பல் நிறம் என்கிறான். அத்தை, இருந்த மெரூனே இருக்கட்டும் என்கிறார். பலகைக்கு வெள்ளை பெயிண்ட் அடித்துவிட்டால் எந்த நிறமும் ஒத்துப்போகும் என்று பெயிண்டர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

பெயிண்டர் சொன்னது வேண்டவே வேண்டாம். பழைய தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு, அதன்மேல் பல வருஷத்துப் பாலிஷும் ஏறியிருக்கிறது. நேரே வெள்ளை அடித்தால் கணுவும் ரேகையும் பழுப்பாக ஊறி மேலே வந்துவிடும். அது வராமல் இருக்க, பாலிஷ் முழுவதையும் சுரண்டி, கறை தடுக்கும் பிரைமர் பூசி, அதற்குப் பிறகுதான் பெயிண்டைத் தொட வேண்டும். நாளைக்கு மனசு மாறினால், பலகை இடுக்கில் இறங்கிய வெள்ளையை எடுத்து மாளாது. இவ்வளவு தேக்கை இன்று விலை கொடுத்து வாங்கிச் சுவரில் அடிக்க எத்தனை பேரால் முடியும்? சோபா பத்துப் பதினைந்து வருஷம் இருக்கும். பலகை உங்கள் பேரன் காலத்திலும் இருக்கும்.

உங்கள் பட்டாசலுக்கு நான் சொல்லும் நிறம் மங்கின பச்சை. கிளிப்பச்சையோ பாட்டில் பச்சையோ இல்லை. மருதாணிப் பொடியில் பாதிக்குப் பாதி அரிசி மாவைக் கலந்தால் வருமே, அந்த நிறம்.

நிறத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியது இருட்டும் வெளிச்சமும். பழைய பாலிஷ் ஏறிய தேக்கு, மேலே விழும் வெளிச்சத்தில் கொஞ்சத்தைத்தான் திருப்பிக் கொடுக்கும். சிவப்பு சிமெண்டும் அப்படியே. மூன்று சுவரும் தரையும் வெளிச்சத்தைக் குடித்துவிட்டால், அறையில் வெளிச்சத்தைத் திருப்பித் தரும் பெரிய பரப்பு என்று மிஞ்சுவது சோபாவும், பலகைக்கு மேலே இருக்கும் சுவரும்தான். அதனால் சோபா பலகையைவிட இரண்டு படியாவது வெளிறியிருக்க வேண்டும். மெரூன் இதில்தான் தோற்கிறது. மெரூன் நல்ல நிறம்தான், ஆனால் பலகையும் தரையும் அதுவும் ஒரே அளவு இருட்டு. ராத்திரி டியூப்லைட் போட்டால் சோபா எங்கே முடிகிறது, தரை எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாமல் கருப்பாகக் கிடக்கும். அத்தைக்கு அந்த நிறம் பிடிக்கும் என்றால் இரண்டு குஷன் உறையில் வைத்துவிடலாம், அங்கே அழகாகவே இருக்கும்.

மகன் சொல்லும் சாம்பல், வெள்ளைச் சுவரும் வெளிறிய டைல்ஸும் உள்ள அடுக்குமாடி வீட்டுக்குச் சரி. உங்கள் வீட்டில் அது சாம்பலாகத் தெரியாது. ஒரு நிறம் சுற்றிலும் நிறைந்திருந்தால், நடுவில் இருக்கும் நிறமில்லாத பொருளின்மேல் அதன் எதிர்நிறத்தை ஏற்றிப் பார்ப்பது கண்ணின் இயல்பு. ஆரஞ்சு ஓடிய பழுப்புக்கு எதிர்நிறம் நீலம். கடையில் நல்ல சாம்பலாக இருந்த துணி, தேக்குக்கு முன்னால் நீலம் பாரித்து, சோகை பிடித்த மாதிரி நிற்கும். சாம்பல்தான் வேண்டும் என்று மகன் பிடிவாதம் பிடித்தால், பழுப்பு கலந்த சாம்பலாக எடுங்கள். தாமிரபரணி மணல் நனைந்திருக்கும்போது இருக்கும் நிறம் அது. அதில் இந்தத் தொல்லை குறைவு.

கடைக்காரரின் சந்தன நிறத்தை முழுசாகத் தள்ள மாட்டேன். வெளிச்சக் கணக்கில் அது தேறும். ஆனால் பெரும்பாலான சந்தன நிறங்களில் மஞ்சள் தூக்கலாக இருக்கும். சிவந்த பழைய தேக்குக்குப் பக்கத்தில் அந்த மஞ்சள், துவைக்காத துணி மாதிரி அழுக்காகத் தெரியும். மரத்துக்கு ஒத்து வர வேண்டும் என்று எடுத்து, ஒத்தும் வராமல் விலகியும் நிற்காமல் போவது பெரும்பாலும் இந்த நிறத்தில்தான். தலையெண்ணெய்த் தடம் வேறு முதல் மாதமே காட்டிக்கொடுத்துவிடும். வெளிர்நிறம் என்றால் மஞ்சள் இல்லாத கோரா நிறத்துக்குப் போங்கள், வெளுக்காத பருத்தியின் நிறம். அதிலும் இழை தடித்துத் தெரிகிற நெசவாக இருக்கட்டும்.

இப்போது பச்சைக்கு வருகிறேன். தேக்கின் பழுப்பில் ஆரஞ்சோடு சிவப்பும் இருக்கிறது, அந்தச் சிவப்புக்கு எதிரே நிற்பது பச்சை. பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். பச்சை அழுத்தமாக இருந்தால் மல்லுக்கு நிற்கும், மங்கியிருந்தால் தேக்கின் சிவப்பு இதமாக எழுந்து வரும். முற்றத்துத் துளசிமாடத்தைத் தேக்கு நிலைக்குள்ளே நின்று பாருங்கள், நான் சொல்வது கண்ணுக்கே தெரியும். மயில்கழுத்து நிறமும் தேக்குக்கு ஒத்துப்போகிற நிறம்தான். ஆனால் உங்கள் பட்டாசலில் வெளிச்சம் குறைவு. மூன்று உருப்படியும் மயில்கழுத்தில் வந்தால் மறுபடி இருட்டு ஏறிவிடும். ஒற்றை சோபா இரண்டை மட்டும் அந்த நிறத்தில் செய்து, பெரியதைக் கோரா நிறத்தில் வைத்தால் அதுவும் அருமையாக இருக்கும். பச்சை வேண்டாம் என்று வீட்டில் முடிவானால், என் அடுத்த யோசனை அதுதான்.

என் பேச்சை நம்பிப் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். உங்கள் பீரோவிலேயே சோதித்துப் பார்க்கலாம். மங்கின பச்சை, சாம்பல், சந்தனம், மயில்கழுத்து என்று கிட்டத்தட்ட அந்தந்த நிறத்தில் ஒவ்வொரு பருத்திச் சேலை எடுங்கள். பட்டு வேண்டாம், மினுமினுப்பு ஏமாற்றும். பழைய சோபாவின்மேல் வெள்ளை வேட்டி ஒன்றை மடித்துப் போட்டுவிட்டு, அதன்மேல் சேலையை இரட்டையாக விரியுங்கள். வேட்டி போடாவிட்டால் அடியில் இருக்கும் மெரூன் ஊடுருவி நிறத்தைக் கெடுத்துவிடும். ஐந்தரை மீட்டர் சேலை, மூன்று பேர் சோபாவின் முதுகையும் இருக்கையையும் தாராளமாக மூடும். ஒவ்வொரு சேலையும் ஒரு நாள் முழுக்கக் கிடக்கட்டும். காலை 8 மணிக்கு, மதியம் 1 மணிக்கு, விளக்கு வைத்த பிறகு என்று மூன்று வேளையும் பாருங்கள். தெருவாசலில் நின்று ஒரு தடவை, இரண்டாங்கட்டு (பட்டாசலுக்கு அடுத்த உள்பகுதி) வாசலில் நின்று ஒரு தடவை பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் வெளிச்சம் விழும் கோணம் வேறு.

அப்படியே கைபேசியில் ஒரு படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். சேலையும் பலகையும் ஒரே சாம்பலாகக் கலந்துவிட்டால் அந்த நிறம் தேறாது. சேலை நன்றாக வெளுத்து, விளிம்பு துலக்கமாகத் தெரிந்தால் தேறும். கைபேசிப் படத்தை இருட்டு, வெளிச்சம் பார்க்க மட்டும் நம்புங்கள். நிறத்தைக் கேமரா தன் போக்குக்கு மாற்றிவிடும். மகனுக்குப் படம் அனுப்பி நிறத்தை முடிவு செய்வது அதனால்தான் ஆகாது.

இதற்கிடையில் விளக்கைக் கவனிக்க வேண்டும். இதைச் செய்யாமல் எந்த நிறத்தை எடுத்தும் பலன் இல்லை. நம் ஊர் வீடுகளில் மாட்டியிருப்பது பெரும்பாலும் 6500 கெல்வின் என்று அட்டையில் போட்டிருக்கும் கூல் டேலைட். நீலம் தூக்கலான அந்த வெளிச்சத்தில் தேக்கு செத்துப்போகும், பச்சையும் சாம்பலாகிவிடும். 4000 கெல்வின் நேச்சுரல் ஒயிட் வாங்குங்கள். 3000-க்குப் போனால் பலகை தங்கமாக ஜொலிக்கும், ஆனால் அத்தைக்குப் பேப்பர் படிக்கவும் பிள்ளைகளுக்குப் பாடம் எழுதவும் மங்கலாகத் தோன்றும். மரம் அடித்த அறைக்கு மற்ற அறையைவிட அதிக வெளிச்சம் வேண்டும். 4 அடி எல்.இ.டி. பேட்டன் 20 வாட் என்றால் சுமார் 2000 லூமென் வெளிச்சம் தரும். வெள்ளைச் சுவர் அறையில் இரண்டு போதுமான இடத்தில் இங்கே மூன்று மாட்டுங்கள். அட்டையில் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் இருக்கும். 80-க்குக் கீழே இருந்தால் எடுக்காதீர்கள், 90 கிடைத்தால் நல்லது. நிறங்களை உள்ளபடி காட்டும் திறனுக்கான அளவு அது.

பலகைக்கு மேலே உள்ள சுவரில் நீலம் கலந்த சுண்ணாம்பு அடித்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். அந்த நீல வெள்ளைதான் கீழே இருக்கும் பலகையை வேண்டாத அளவுக்கு ஆரஞ்சாகக் காட்டும். தேங்காய்ப்பால் போல லேசாகச் சூடு இருக்கும் வெள்ளை போதும், அதையே கூரையின் மச்சுக்கட்டை இடைவெளிக்கும் அடிக்கலாம்.

பலகையின் உண்மையான நிறத்தையும் நீங்கள் இன்னும் பார்த்திருக்க மாட்டீர்கள். ஏதாவது படத்தைக் கழற்றிப் பாருங்கள், பின்னால் சட்டம் போலத் தனி நிறத்தில் ஒரு தடம் இருக்கும். அதைச் சுற்றி இருப்பது விளக்குப் புகை, சாம்பிராணி, கைபட்ட எண்ணெய் எல்லாம் படிந்த நிறம். அரை வாளித் தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் திரவம் அரை ஸ்பூன் விட்டு, துணியை நன்றாகப் பிழிந்து துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அது காயாது, பிசுக்காகித் தூசியைப் பிடித்துவைத்துச் சிக்கு நாற்றம் அடிக்கும்.

துடைத்த பிறகும் மங்கலாக இருந்தால், கதவுக்குப் பின்னால் கண்ணில் படாத மூலையில் பாலிஷுக்கான ஸ்பிரிட்டை ஒரு சொட்டு வைத்து ஒரு நிமிஷம் கழித்து விரலால் தொட்டுப் பாருங்கள். ஒட்டினால் அது அரக்கில் செய்த ஸ்பிரிட் பாலிஷ். 320 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து அதன்மேலேயே புதிதாக ஏற்றலாம், முழுக்கச் சுரண்ட வேண்டியதில்லை. ஒட்டாவிட்டால் ஸ்பிரிட்டில் கரையாத மெலமைன், பி.யு. (பாலியூரித்தேன்) மாதிரி வேறு பூச்சு போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதன்மேல் நேரே போட்டால் ஸ்பிரிட் பாலிஷ் சரியாகப் பிடிக்காமல் போகலாம், ஆசாரியிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எதுவானாலும் பாலிஷில் சிவப்புச் சாயம் கலக்க வேண்டாம், நிறமில்லாமல் போடச் சொல்லுங்கள். உங்கள் தரையே போதுமான சிவப்பு.

சாரல் அடிக்கும் ஆனி, ஆடியிலும், ஐப்பசி, கார்த்திகை மழையிலும் ஸ்பிரிட் பாலிஷ் போடக்கூடாது. காற்றில் ஈரம் இருந்தால் பாலிஷ் காயும்போதே ஈரத்தைப் பிடித்துக்கொண்டு வெள்ளையாகப் பூத்துவிடும். தை பிறந்து பங்குனி முடிவதற்குள் ஏதாவது ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். பாலிஷ் ஏறினால் மரம் அரைப்படி கறுக்கும் என்பதால், சோபாத் துணியை அதற்குப் பிறகு தேர்ந்தெடுப்பதுதான் முறை.

இனி துணி. ரெக்சின் உரிந்ததற்கு உங்கள் பராமரிப்பு காரணம் இல்லை. அப்படி உரிவது பெரும்பாலும் துணிமேல் பாலியூரித்தேன் பூச்சு பூசிய ரகம். காற்றின் ஈரமும் வியர்வையும் தலையெண்ணெயும் சேர்ந்து அந்தப் பூச்சை அடியிலிருந்து அறுத்துவிடும். சாரல் ஊரில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். எந்த நிறத்தில் எடுத்தாலும் மறுபடி ரெக்சின் வேண்டாம். வெல்வெட்டும் வேண்டாம், சித்திரை வெயிலில் முதுகு ஒட்டும், கை தடவிய இடமெல்லாம் வேறு நிறமாகத் தெரியும். தனிப் பருத்தி குளிர்ச்சிதான், ஆனால் சீக்கிரம் வெளுக்கும், துவைத்தால் சுருங்கும். பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த, சதுர மீட்டருக்கு 300 முதல் 400 கிராம் எடையுள்ள நெருக்க நெசவு உங்களுக்குச் சரி. தேய்மானம் தாங்கும் அளவு மார்ட்டின்டேல் என்று மாதிரிப் புத்தகத்தின் பின்னால் இருக்கும், தினசரி உபயோகத்துக்கு 25,000-க்கு மேல் பாருங்கள். ஒரே நிற நூலில் நெய்ததைவிட, பாவு ஒரு பச்சையும் ஊடை வெளிறிய பழுப்புமாக இரண்டு நூல் கலந்த துணி நல்லது. ஆடிக் காற்று கொண்டுவரும் தூசி அதில் சட்டென்று தெரியாது. தேக்கின் நிறமும் துணிக்குள்ளே கொஞ்சம் ஓடும்.

மாதிரிப் புத்தகத்தில் இருக்கும் உள்ளங்கை அளவுத் துண்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். நிறம் பெரிய பரப்பில் இன்னும் அழுத்தமாகத் தெரியும். துண்டில் எது சரியாகத் தோன்றுகிறதோ, அதைவிட ஒரு படி மங்கலானதை எடுப்பதே புத்தி. காசு கொடுத்தாவது அரை மீட்டர் வெட்டி வாங்கி வந்து, பலகையில் சாத்தியும் இருக்கையில் கிடத்தியும் பாருங்கள். சாத்திவைத்த துணியில் வெளிச்சம் குறைவாக விழும் என்பதால் முதுகுப் பக்கம் எப்போதும் கொஞ்சம் கறுத்தே தெரியும். அந்தத் துண்டிலேயே, நனைத்த வெள்ளைத் துணியால் இருபது தடவை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஏறினால் வீட்டில் வெள்ளை வேட்டி கட்டுபவர்கள் உட்கார முடியாது. மயில்கழுத்து, மெரூன் போன்ற அழுத்தமான நிறங்களில் இந்தச் சோதனையை விடவே கூடாது.

54 அங்குல அகலத் துணியில், மூன்று பேர் சோபாவுக்கு 9 முதல் 10 மீட்டர், ஒற்றைக்கு ஒவ்வொன்றுக்கும் நாலரை முதல் 5 மீட்டர் பிடிக்கும். கட்டம், கோடு என்றால் பொருத்தித் தைக்க இன்னும் ஒரு பங்கு கூடும். வெறும் நிறமே உங்களுக்குச் சிக்கனம். மொத்தத்தையும் ஒரே தானில் (ஒரே துணிச் சுருளில்) வாங்குங்கள். தான் மாறினால் சாயம் லேசாக மாறும், ஒற்றை சோபாவைப் பெரியதன் பக்கத்தில் போட்ட அன்றே தெரிந்துவிடும். கூடவே 2 மீட்டர் அதிகம் எடுத்து, தலை படும் இடத்துக்கும் கை வைக்கும் இடத்துக்கும் கழற்றித் துவைக்கிற மேல்துண்டுகள் தைத்துக்கொள்ளுங்கள். இருக்கை உறைகளுக்கு ஜிப் கட்டாயம். வெட்டுவதற்கு முன்னால் துணியை ஒரு தடவை நனைத்து உலர்த்தச் சொல்ல மறக்காதீர்கள், இல்லையென்றால் முதல் துவைப்பில் உறை சுருங்கி, ஜிப்பை மூட முடியாமல் போகும்.

பஞ்சைப் பற்றிச் சுருக்கமாக: இருக்கைக்கு 40 டென்சிட்டி ஃபோம், முதுகுக்கு அதைவிட மெதுவானது. அத்தை சிரமப்படாமல் எழுந்திருக்க இருக்கையின் உயரம் 18 அங்குலம் இருக்கட்டும்.

கால்கள் 6 அங்குலமாவது உயரமாக இருந்தால் விளக்குமாறு உள்ளே போகும், அடியில் சிவப்புத் தரை தெரியும், சோபாவும் கனமாகத் தோன்றாது. கால் மரத்தைப் பலகை நிறத்துக்கே பாலிஷ் போட முயல வேண்டாம். புது மரம் எப்படியும் ஒரு படி விலகித்தான் நிற்கும், பலகையைவிட நன்றாகக் கறுப்பாகவே போட்டுவிடுங்கள். காலுக்கு அடியில் நைலான் புஷ் கேளுங்கள். ரப்பர் புஷ் சிவப்பு சிமெண்டில் கறுப்பு வட்டம் பதித்துவிடும், அது தேய்த்தாலும் போகாது. ஆணித் தலை வெளியே தெரிந்தால் தரையில் கீறல் விழும்.

போடும் இடம் நீளச் சுவர். பலகைக்கும் சோபா முதுகுக்கும் நடுவே நான்கு அங்குலம் விடுங்கள். முதுகு உரசிப் பாலிஷ் போகாது, காற்றும் ஓடும். மாதம் ஒரு தடவை டார்ச் அடித்துக் கரையான் மண்ணோ, உளுத்த மாவோ இருக்கிறதா என்று பார்க்கவும் வசதி. தெருவாசலில் இருந்து இரண்டாங்கட்டுக்குப் போகும் நேர்வழியில் 3 அடி காலியாக இருக்க வேண்டும். உங்கள் பட்டாசலுக்கு வெளிச்சம் வரும் வழியும் அதுதான். காலை வெயில் நேரே விழும் இடத்தில் சோபா இருந்தால், ஒரு பக்கக் கை மட்டும் ஒரு வருஷத்தில் வெளுத்துவிடும்.

பச்சை சோபாவும் சிவப்புத் தரையும் நேருக்கு நேர் முட்டாமல் இருக்க நடுவில் வெளிறிய ஒரு பட்டை தேவை. கம்பளம் வேண்டாம், பாய்க்குப் பேர்போன பத்தமடை உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மெல்லிய பட்டுப்பாய் அல்ல, நடமாட்டம் தாங்குகிற சற்றுத் தடித்த கோரைப்பாய், ஓரத்தில் மட்டும் சாயக்கோடு ஓடுவதாக, 6-க்கு 4 அடியில் ஒன்று போதும். கோரையின் வைக்கோல் நிறம் தேக்குக்கும் உறவு, பச்சைக்கும் உறவு. சாரல் நாளில் வாரம் ஒரு தடவை தூக்கிக் காயவையுங்கள், இல்லையென்றால் அடியில் பூஞ்சை பிடித்துத் தரையிலும் தடம் விழும். குஷன் உறைக்கு வீரவநல்லூர்ப் பக்கத்துக் கைத்தறித் துணியில், அத்தைக்காக மெரூனில் இரண்டு, மகனுக்காக மணல் சாம்பலில் இரண்டு தைக்கலாம். தறித்துணி மெல்லிசு என்பதால் உள்ளே லைனிங் வைக்கச் சொல்லுங்கள்.

இப்போதைக்கு விளக்கை மட்டும் மாற்றிவிட்டு, சேலைகளை விரித்துப் பார்த்துக்கொண்டிருங்கள். பாலிஷ் வேலை முடிந்து, வாடை போக ஒரு வாரம் விட்டு, அதற்குப் பிறகு அரை மீட்டர்த் துண்டு வாங்கப் போகலாம். சோபாக்காரருக்கு அதுவரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.